கையெழுத்துப் போடாதே, ஆத்தா

ஆத்தா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் நான் கத்தியதை முதலில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "ஒரு சாக்கெட்டுதான, கையெழுத்தப் போட்டுட்டு வெரசா கெளம்பி வா" என்று சொன்னேன் அல்லவா, அது தப்பு. போடாதே. வெள்ளிக்கிழமை உன் நிச்சயதார்த்தத்துக்கு நீயே வர முடியாமல் போனாலும் போடாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உனக்கும் எனக்கும் போன் ஒத்துவராது. நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் மூன்று சொல்வேன், நீ "சரிப்பா, சோலி கெடக்கு" என்று வைத்துவிடுவாய், அப்புறம் உன் அம்மாவிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். அதனால் உன் பழைய கல்லூரி நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். எழுத்து புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பெரிதாகவே எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன்னால் நானும் படிப்பேன் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் அவளுக்குப் புரிகிற மாதிரி விலாவாரியாக எழுதினால் சலித்துக்கொள்ளாதே.

நான் விளங்கிக்கொண்ட வரைக்கும் நடந்தது இது. உன்னுடைய மின் நிலையம் கடலோரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓடுகிற எரிவாயு டர்பைனைப் பராமரிப்புக்காக நிறுத்தி, நீயும் உன் ஆட்களும் அது காற்றை இழுக்கிற வாய்க்குள் இறங்கி வேலை பார்த்தீர்கள். முடித்து மூடிய பிறகு கருவிகளை எண்ணினீர்கள். கருவிப் பலகையில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்தில் குழி வெட்டியிருக்கும். எது திரும்பி வரவில்லையோ அதன் குழி காலியாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். போல்ட் திருகுகிற சாக்கெட் ஒன்று, விரல் நுனி அளவுதான், அதன் குழி காலி. மறுபடி திறந்து உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால்தான், ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுவேன் என்றாய் நீ. திறந்தால் இன்னும் மூன்று நாள் போய்விடும், தொழிற்சாலை கரண்டுக்குக் காத்துக் கிடக்கிறது, அந்தச் சாக்கெட் போன மாதமே எங்காவது தொலைந்திருக்கும், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்து வந்தாக வேண்டும் என்கிறார் உன் மேனேஜர். போட்டால் அன்றைக்கே பஸ்சைப் பிடித்து வெள்ளிக்கிழமை காலையில் போடியில் இறங்கிவிடலாம். போடாவிட்டால் நிச்சயம் நடக்காது, வேலையும் என்னவாகும் என்று தெரியாது. இங்கேயோ சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. சின்னமனூர், கம்பம் சொந்தங்கள் எல்லாம் கிளம்பத் தயார். உன் அம்மா உனக்கு எடுத்த பட்டுச்சேலையைத் தினம் ஒரு தடவை பிரித்துப் பார்த்து மடிக்கிறாள். நீ விஷயத்தைச் சொன்னதும் என் கண்ணுக்கு முன்னால் இதெல்லாம்தான் வந்தது. டர்பைன் வரவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்த ஜாதி இயந்திரங்களோடு குப்பை கொட்டியவன் நான், எனக்கே வரவில்லை.

அந்த இயந்திரத்தை நான் முதலில் பார்த்தது ஆகாயத்துக்குப் போகிற வேஷத்தில். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தபோது என்னை விமான எஞ்சின் பிரிவில் போட்டார்கள். போடிமெட்டு ஏறுகிற ஜீப்பின் எஞ்சினைத் தவிர வேறு எதற்குள்ளும் கை விட்டுப் பார்க்காத ஆள். அங்கே ஒரு திருகாணி குறைந்தால் விமானம் நகராது. பெரிய அதிகாரி முதல் கூட்டுகிறவர் வரை அத்தனை பேரும் முட்டி போட்டுத் தரையைத் துழாவுவோம். திட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. பதினைந்து வருஷம் கழித்து வெளியே வந்து ஒரு மின் நிலையத்தில் சேர்ந்தேன். முதல் நாள் அங்கே ஒரு இரும்புக் கூண்டின் கதவைத் திறந்து காட்டினார்கள். பார்த்தால், உள்ளே படுத்திருப்பது நான் பட்டாளத்தில் துடைத்து வைத்த அதே எஞ்சின். முன்னால் இருந்த பெரிய விசிறியைக் கழற்றியிருந்தார்கள். பின்னால் சீறிக்கொண்டு போய் விமானத்தைத் தள்ளுகிற அனல் காற்றை வீணாக்காமல் இன்னொரு டர்பைனில் மோதவிட்டு, அதன் தண்டில் ஜெனரேட்டரைக் கோத்திருந்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் எரிவாயு. கூட வேலை பார்த்தவனைக் கல்யாண வீட்டில் வேட்டி சட்டையில் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காட்ட வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்கப்புறம் அது எப்படியெல்லாம் மாறியது என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். விமானத்தில் அது மேலே ஏறும்போது கொஞ்ச நேரம்தான் முழுமூச்சாக உழைக்கும், அப்புறம் குளிர்ந்த காற்றில் சுகமாகப் போகும். தரையில் அந்தச் சுகம் கிடையாது. கடலோரத்து உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்க முழு பாரம் சுமக்க வேண்டும். அதனால் அலகுகளுக்கு, அதாவது உள்ளே சுழல்கிற இதழ் மாதிரித் தகடுகளுக்கு, மேல்பூச்சுப் போட்டார்கள், காற்றிழுக்கிற வாயில் வீடு மாதிரி வடிகட்டிகளைக் கட்டினார்கள், உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவப் பழகினோம். புகையில் நஞ்சு அதிகம் என்று சுடருக்குள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிறகு தண்ணீரும் வேண்டாம் என்று, வாயுவைக் காற்றோடு முன்கூட்டியே கலந்து நிறையச் சின்னச் சின்ன சுடராக எரியவிட்டார்கள். உன் காலத்தில் எஞ்சின் லேசாக அதிர்ந்தாலே கம்ப்யூட்டரில் கோடு துள்ளுகிறது. ஒன்றைப் பூராவும் உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகுகிறீர்கள், நாங்கள் பழைய ஜீப்புக்கு பேட்டரி மாற்றுகிற மாதிரி. ஆனால் அதன் பிறவிக் குணம் மட்டும் மாறவில்லை. பறப்பதற்காகப் பிறந்தது, அதனால் மெலிசு, இறுக்கம், இடைவெளி எல்லாம் மயிரிழை. தரைக்கென்றே செய்த டர்பைன்கள் ஆட்டுக்கல் மாதிரி, அடி தாங்கும். இது தாங்காது. அந்த மெலிசினால்தான் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் காற்றில்லாமல் நிற்கிற நேரத்தில், டீ ஆறுவதற்குள் எழுந்து ஓடி வந்து கரண்டு தருகிறது. அதே மெலிசினால்தான் ஒரு சின்ன இரும்புத் துண்டுக்கும் அது பலியாகிறது. எஞ்சின் கீழே இறங்கி வந்தபோது எதையெல்லாமோ மாற்றி எடுத்து வந்தவர்கள், அதைத் தொடுகிறவர்களின் பயத்தை மட்டும் மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். தரையில்தானே இருக்கிறது, விழவா போகிறது என்கிற தைரியம் எங்களுக்கு வந்துவிட்டது. எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி. எனக்கு அந்தச் சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் கலந்த வாடை ஒத்துக்கொள்ளாது, குமட்டும். போடிக்காரனுக்குக் குமட்டல் வந்தால் என்ன செய்வான், ஏலக்காயைத்தான் தேடுவான். லீவுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் உன் அம்மா நல்ல பச்சைக் குண்டாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். எஞ்சின் வாய்க்குள் இறங்குகிறவர்கள் பையில்லாத உடுப்புதான் போட வேண்டும், மோதிரம், பேனா, சில்லறை எல்லாம் வெளியே தட்டில் போட வேண்டும் என்பது விதி. நான் எல்லாவற்றையும் போட்டேன், ஏலக்காயைத் தவிர. சட்டைக் கை மடிப்பில் நாலு சொருகிக்கொண்டு இறங்குவேன். ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் மூன்றுதான் இருந்தது. வாயில் போட்டேனா, உள்ளே விழுந்ததா, ஞாபகம் இல்லை. போய்த் தேடியிருக்க வேண்டும். ஆனால் ஏலக்காய் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே சிரிக்கும். அந்த இயந்திரத்துக்கு அது ஒரு சிட்டிகைச் சாம்பல். உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எஞ்சின் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போனதுதான் எனக்கு வந்த கேடு. பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதலாம், உலகம் பாட்டுக்கு ஓடும் என்று என் கை கற்றுக்கொண்டது.

போன வருஷம் உன் நிலையத்தைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வாசலிலேயே நிறுத்தி, அப்பா என்றும் பார்க்காமல் என் சட்டைப்பையைக் காலி பண்ணச் சொன்னாய். ஆறு ஏலக்காய் கிடைத்தது. சீட்டில் 'ஏலக்காய் ஆறு' என்று எழுதி, அதற்கு என்னிடம் கையெழுத்து வேறு வாங்கினாய். திரும்பி வந்தபோது எண்ணினால் ஐந்து. உன் ஆட்கள் எல்லாரும் நின்று பார்க்க, "வாயத் தொறங்கப்பா" என்றாய். திறந்தேன். ஏற்கெனவே எண்ணி வைத்ததில் ஒன்றைத் தட்டிலிருந்து நான் கை வைத்து எடுத்ததைக் கண்டுபிடித்து, ஆறாவதற்கு நேராக 'வாயில்' என்று எழுதினாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊருக்கு வந்து ஒரு மாதம் இதையே டீக்கடையில் சொல்லிப் பெருமையடித்தேன். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருந்தது. இவள் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருந்தால் தோமாச்சனுக்கு வேலை போயிருக்காது என்று தோன்றியது.

தோமாச்சன் யார் என்று உனக்குத் தெரியும், கதை தெரியாது. கேரளத்துப் பூப்பாறைக்காரர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரே மலையின் முதுகும் மார்பும் என்று சொல்லிக்கொண்டு அந்த மின் நிலையத்தில் ஒன்றாகவே திரிவோம். ஒருத்தர் வேலை செய்தால் மற்றவர் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும், பெரும்பாலும் நாங்கள் இருவருமே ஜோடி. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது இது. எஞ்சின் வாய்க்குள் ஒரு தாங்கியை மாற்றினேன். எட்டு நட்டு எடுத்துப்போய் ஆறு போட்டேன், மிச்சம் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் எனக்கு ஊருக்குப் பஸ். வீரபாண்டித் திருவிழாவில் உன்னை ராட்டினம் ஏற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ போனில் நாலு தடவை கேட்டு உறுதிப்படுத்தியிருந்தாய். தேட ஆரம்பித்தால் பஸ் போய்விடும். என் பழைய டப்பாவிலிருந்து அதே மாதிரி ஒரு நட்டை எடுத்துத் தட்டில் போட்டேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது. தோமாச்சன் டார்ச்சோடு உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, "எண்ணியாச்சோ?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். அவர் தட்டைக்கூடப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நீ ராட்டினத்தில் உட்கார்ந்து கத்திச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். மிக்சியில் சில்லறையைப் போட்ட மாதிரி சத்தம் வந்ததாம். உள்ளே கிடந்த நட்டு முன்வரிசை அலகுகளை எல்லாம் கடித்துக் குதறி, அந்தத் துணுக்குகள் பின்வரிசைகளையும் கடித்து, எஞ்சின் போச்சு. யாருக்கும் அடிபடவில்லை, அது தெய்வச் செயல். விசாரணையில் உள்ளே கிடைத்தது ஒரு நட்டின் மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். என் பக்கத்து எண்ணிக்கை சரியாக இருந்தது, கடைசியாக உள்ளே போய் வந்தவர் தோமாச்சன். அவர் கொண்டுபோன டார்ச்சிலிருந்தோ எதிலிருந்தோ விழுந்திருக்க வேண்டும் என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஆத்தா. வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அவர்தான் என் தோளைத் தட்டினார். "சாரமில்லடா, எனக்கு மலையில ஏலத்தோட்டம் உண்டு, பொழச்சுக்குவேன்" என்றார். போகட்டும் விடு என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் ஏலக்காய் விற்க போடிக்கு வரும்போது என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார். மகள் இதே வேலைக்குப் போயிருக்கிறாளாமே, கெட்டிக்காரி என்கிறார். நான் டம்ளரை வைத்துவிட்டு, சோலி கெடக்கு என்று எழுந்துவிடுகிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மாப்பிள்ளைக்கு இது இன்றைக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் படிக்க வேண்டும். என் கடிதம் வரும்வரை சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் செய்ததையே நீயும் செய் என்று சொல்லியிருக்கிறேன் என்பது காலையில் சவரம் பண்ணும்போதுதான் உறைத்தது. பாதி முகத்தோடு வெளியே வந்து, நிச்சயத்தைத் தள்ளிவைப்போம், தேவாரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருவோம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் காரணம் கேட்டாள், சாக்கெட் என்றேன். ஒரு சாக்கெட்டுக்காக நிச்சயத்தை நிறுத்தினார்கள் என்றால் ஊர் நம்மைப் பைத்தியம் என்னும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். பஸ்சில் போகிற வழியெல்லாம் எத்தனை டிகிரி காய்ச்சல் என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்தோம்.

மாப்பிள்ளை வீட்டில் அன்பாகத்தான் வரவேற்றார்கள். காபி வந்தது. நான், பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், டாக்டர் பயணம் கூடாது என்கிறார் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா பதறிப்போய்க் கஷாயத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்போதுதான் வந்த மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். "மாமா, காலைல அவகிட்டப் பேசினேனே. சாக்கெட்டக் காணோம்னுதான சொன்னா, காய்ச்சல்னு சொல்லலையே" என்றார். நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அம்மா காபி டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா, ஒரு சாக்கெட்டுக்கா பொய் சொன்னீர்கள், ஒரு சாக்கெட்டுக்கா நிச்சயத்தை நிறுத்துவது என்று கேட்டார். கேட்டது நியாயம்தானே. சின்ன இரும்பு என்ன செய்யும் என்று விளக்குவதற்காக, எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஒரு நட்டைத் தொலைத்தார் என்று கதையாகச் சொன்னேன். தட்டில் வேறு நட்டைப் போட்டது வரைக்கும் சொன்னேன். சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, வெற்றிலையை மடித்தபடியே, "அந்த ஒருத்தரு யாரு?" என்று கேட்டார். இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. நான்தான் என்றேன்.

உன் அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். பஸ்சில் ஏறி உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசமா எங்கையால சோறு திங்கிறீக, எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டாள். சம்பந்தி வேறு மாதிரி. அவருடைய தோப்பில் யானை இறங்கியதைச் சொன்னார். ஒரு முறை காவல் வேலிக்குக் கரண்டு கொடுத்துவிட்டேன் என்று பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு, கொடுக்காமல் தூங்கிவிட்டாராம். யானைகள் அந்த வழியாக இறங்கிப் பக்கத்துத் தோப்பின் வாழையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போய்விட்டன. விடிந்ததும் அவராகவே நடந்துபோய் ஒத்துக்கொண்டாராம். அப்புறம் கேட்டார், "அந்த மலையாளத்துக்காரரு இப்ப எங்க இருக்காரு?" பூப்பாறையில் என்றேன். "போடிமெட்டுக்கு அங்கிட்டுத்தான. ஜீப்புல ஏறுனா போயிறலாமே" என்றார். நான் தலையை ஆட்டினேன். "நிச்சயத்தத் தள்ளுறது ஒண்ணும் பெருசில்ல, சம்மந்தி. பிள்ளை அவ சோலிய ஒழுங்கா முடிக்கட்டும். நீங்க அங்க போயிட்டு வாங்க. ரெண்டும் முடிஞ்ச பெறகு நாள் பாப்போம்" என்றார். சமையல்காரருக்குச் சொன்னது சொன்னபடி இருக்கட்டும், சொந்தங்களை எல்லாம் இனிமேல் நிறுத்த முடியாது, வெள்ளிக்கிழமை நாங்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று அந்த அம்மா முடித்துவைத்தார். ஆக, பெண் இல்லாமலே உனக்கு ஒரு விருந்து நடக்கப்போகிறது. மாப்பிள்ளை எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தார். கையெழுத்துப் போட வேண்டாம் என்று உன்னிடம் முதலில் சொன்னதே அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். பெற்ற அப்பன் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்.

இதுவரைக்கும் வீட்டில் எழுதியது. இப்போது வியாழக்கிழமை காலை, மிச்சத்தை ஜீப் ஸ்டாண்டில் மடியில் வைத்து எழுதுகிறேன். உன் அம்மா எழுதியதை எல்லாம் படித்துவிட்டாள். மறைத்தது தப்பு, எழுதியது சரி, காய்ச்சல் யோசனை தன்னுடையது என்று எழுதியிருக்க வேண்டாம் என்றாள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளிகளோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்த வயசுல யாருக்கு அண்ணே லெட்டரு?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அவர்களைத்தான் திட்ட வேண்டும்.

உன் மேனேஜர் சாயங்காலம் வந்து நிற்பார். இன்றைக்குப் போடாவிட்டால் நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும். வேலை போனால் போடிக்கு வா, உனக்குப் பிடிக்கிற வேறு வேலை கிடைக்கும்வரை நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். உள்ளே சாக்கெட் இல்லாமல்கூட இருக்கலாம். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், இதற்காகவா நிச்சயத்தை விட்டாய் என்பார்கள். அதற்காகவும் வருத்தப்படாதே. நீ பார்த்துவிட்டுச் சொல்கிறாய், அவ்வளவுதான் வேண்டும். கிடைத்ததா கிடைத்ததா என்று நான் போன் பண்ணித் தொந்தரவு செய்ய மாட்டேன், இது சத்தியம்.

அறிவுரை சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எனக்குத்தான் இப்போது ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, உன் பெயர் எழுதிய கருவிப் பலகையைக் காட்டி, ஒன்று குறைகிறது என்று நீயாகப் போய்ச் சொன்னாயே. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, நான் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. தேவாரத்தில்கூட சம்பந்தி கேட்டதால்தான் வந்தது. தோமாச்சன் கேட்க மாட்டார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார், உன் நிச்சயத்துக்கு எல்லாம் தயாரா என்பார். நானாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், மலை ஏறினால் சிக்னல் போய்விடும், அதற்குள் பதில் போடு. நீ எப்படி ஆரம்பித்தாய், ஆத்தா? முதல் வார்த்தை என்ன சொன்னாய்?

உன் அப்பா